மூன்றாம் ஓலைக்கு முன்

1

இந்தத் தை மாதத்தோடு நாங்கள் ஆஸ்திரேலியாவில் இந்தப் பல்லாரட் ஊருக்கு வந்து பத்தொன்பது வருடம் முடிகிறது. வருடாவருடம் இதே வாரத்தில் இந்தப் பத்திரிகை வழியாக உங்களுக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்புவேன். தைல மரங்கள் பட்டையை உரித்துப் போட்டுவிட்டு வெள்ளையாய் நிற்பது, முருங்கைக்காயை ஒற்றை ஒற்றையாய் எண்ணி விற்பது, வங்கிப் பெண் என் பெயரை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கண்டுபிடிப்பது. இப்படி ஏதாவது. நீங்களும் வாசித்துவிட்டு, அங்கே பனி விழுமா என்று கேட்டு எழுதுவீர்கள்.

இந்த முறையும் வெயிலைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். தை மாதம் இங்கே உச்சிக் கோடை. மேற்கே எங்கோ காடு எரிகிறது. புகைக்குள் சூரியன் பழுத்த தக்காளி போலத் தொங்குகிறது. நான்கு வரி எழுதினேன். அழகான வரிகள்தான். ஐந்தாவதுக்குக் கை போகவில்லை. அழகாக எழுதத் தெரிந்தவனுக்கு மூடி மறைப்பதும் அழகாகவே வருகிறது. அந்தக் கைப்பழக்கத்தை இன்றைக்கு விட்டுவிட வேண்டும்.

என் சிநேகிதன் சவரிமுத்துவின் மகள் கல்யாணத்துக்குக் கோயிலில் இரண்டு ஓலை வாசித்தார்கள். மூன்றாவது ஓலை நின்றுபோனது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்த விஷயம். நிற்க வைத்தது நான். மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

2

எங்கள் ஊர் கம்பத்துக்கும் சின்னமனூருக்கும் இடையில், திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே ஒரு மாதா கோயிலைச் சுற்றிக் கிடக்கிறது. கத்தோலிக்க ஊர். எங்களில் ஒரு கல்யாணம் என்றால் அதற்கு முன்பு மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் ஓலை வாசிப்பார். ஓலை என்பது வெறும் காகிதந்தான். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் இருப்பது தெரிந்தவர்கள் பங்குக் குருவிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். இவ்வளவுதான் வாசகம். வாசித்துவிட்டு அவர் ஒரு மூச்சு நிறுத்துவார். அந்த ஒரு மூச்சில் கோயிலே தலையைக் குனிந்திருக்கும். பெண்ணைப் பெற்றவனுக்கு அது நீளமான மூச்சு.

சிறுவயதில் எனக்கு அந்த ஏற்பாடு வேடிக்கையாக இருந்தது. இப்போது யோசித்தால், ஊரையே கூட்டி, உனக்குத் தெரிந்த உண்மையை முகத்துக்கு நேரே வந்து சொல் என்று மூன்று தடவை கேட்கும் வேறு இடம் எனக்குத் தெரியவில்லை. காதோடு காதாகச் சொல்லாதே, சாமியாரிடம் வந்து பெயரோடு சொல் என்பதுதான் அதன் பொருள்.

சவரியின் மகள் மெர்சி, தேனியில் பள்ளி ஆசிரியை. அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளை அருள், உத்தமபாளையத்துப் பையன். ஆறு வருடமாக மெல்பர்னில் குளிர்பதனக் கிடங்குகளில் இயந்திரம் பழுது பார்க்கிறான். எங்கள் வீட்டிலிருந்து ஒன்றேகால் மணி நேரப் பாதை. மாதத்துக்கு ஒருமுறை அங்கே நடக்கும் தமிழ்ப் பூசையில் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருப்பான்.

மார்கழிக் கடைசியில் சவரி வீடியோவில் கூப்பிட்டான். பந்தலுக்கு அடியில் நின்றுகொண்டு, பன்னீர் திராட்சைக் கொத்து ஒன்று நெற்றியில் இடிக்க இடிக்கப் பேசினான். பையன் வெளிநாட்டில் இருந்ததால் அவனைத் தெரிந்த ஒருவர், அவன் கல்யாணம் ஆகாதவன்தான் என்று சாட்சிக் கடிதம் கொடுக்க வேண்டுமாம். சாமியார் கேட்கிறார்.

“நீ போய்ப் பழகிப் பாத்து எழுதிக் குடுரா சேசு. ஒங் கண்ணு பாத்தா எங் கண்ணு பாத்த மாதிரி” என்றான். பிறகு சிரித்துக்கொண்டே, “நம்ம ஸ்டெல்லாவுக்கு எப்படா ஓலை வாசிக்கப் போறாக?” என்றான்.

ஸ்டெல்லா என் மகள். இருபத்தைந்து வயது. மெல்பர்னில் விடுதியில் தங்கி மேல்படிப்புப் படிக்கிறாள் என்று ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் படிப்பு முடிந்து இரண்டு வருடமாகிறது. லியம் என்ற பையனோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். கல்யாணப் பேச்சே இல்லை. கோயில் பேச்சும் இல்லை. லியம் நல்ல பையன், எனக்குத் தேநீர் போட்டுத் தருவான். ஆனால் என் வீட்டுக்கு எந்தக் கோயிலிலும் எந்த ஞாயிற்றுக்கிழமையும் ஓலை வாசிக்கப் போவதில்லை.

படிப்பு முடியட்டும் என்றேன் சவரியிடம். அவன் நம்பினான். நான் சொல்லும் எதையும் நம்புவான். அவன் சொல்லும் எதையும் ஊர் நம்பும். எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான், நாற்பது வருடமாக.

3

பொறாமை என்று எழுதுவதற்கு முன்பு அதை எத்தனையோ பெயர் வைத்துக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். ஆதங்கம், ஏக்கம், ஊர்ப் பாசம். எதற்கும் அது திரும்பிப் பார்க்கவில்லை. பொறாமை என்றதும் வந்து காலடியில் உட்கார்ந்தது.

இரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு காலை. பெரியாறு அணையின் மதகை அடைத்துவிட்டார்கள், நாளையிலிருந்து பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் இல்லை என்று ஒரு படத்தோடு ஊர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. நாற்று விட்டிருந்த நேரம். ஊரே பதறியது. நான் இங்கே வண்டியை ஓரமாக நிறுத்தி, அந்தப் படத்தைத் தேடிப் பிடித்து, அது வேறு ஏதோ தேசத்து அணை, பல வருடத்துக்கு முந்தையது என்று அடையாளங்களோடு எழுதி அனுப்பினேன். ஒரு பத்தி முழுக்க விளக்கம். ஒருவரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

சவரி ஒன்றும் எழுதவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு மலையடிவாரத்தில் இருக்கும் லோயர் கேம்ப் போனான். மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் கால்வாயில் விழும் இடத்தில் இறங்கி நின்று பார்த்தான். திரும்பி வந்து டீக்கடையில் உட்கார்ந்தான். வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. “தண்ணி எப்பயும் போலத்தேன் வருது” என்றான். அவ்வளவுதான். ஊர் வேலைக்குப் போய்விட்டது.

நான் சொன்னதும் அவன் சொன்னதும் ஒரே உண்மை. என்னுடையது எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி, காய்ந்த காலோடு வந்தது. அவனுடையது நனைந்த வேட்டியோடு வந்தது. பொய் தோற்றதில் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்னால் அது தோற்கவில்லையே என்றுதான் இருந்தது. உண்மையின் மேல் எனக்கு இருந்த பக்தியின் லட்சணம் அவ்வளவுதான். இந்தப் பத்திரிகையில்கூட அந்த வருடம், வதந்தியை நம்பும் ஊர்க்காரர்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினேன். நீங்கள் பாராட்டினீர்கள். அதில் சவரியின் பெயரை நான் சேர்க்கவில்லை.

4

என் வேலை, மருத்துவமனைகளிலிருந்து ரத்த மாதிரிகளை வாங்கி ஆய்வுக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. சிறு குழாய்கள், நீலப் பெட்டி, ஐஸ் கட்டி. குழாயின் மேல் ஒட்டிய பெயரும் பிறந்த தேதியும் தாளில் உள்ளதோடு பொருந்த வேண்டும். ஒரு எழுத்து தவறினாலும் கூடத்தில் வாங்க மாட்டார்கள். எனக்கு அந்த நோயாளியை நன்றாகத் தெரியும் என்று நர்ஸ் அடித்துச் சொன்னாலும் வாங்க மாட்டார்கள். பத்தொன்பது வருடத்தில் ஒரு குழாயைக்கூட நான் மாற்றிக் கொடுத்ததில்லை.

இரண்டாம் ஓலை வாசித்த வாரம் அது. சாட்சிக் கடிதம் இன்னும் போகவில்லை. இங்கே கோயில் அலுவலகத்தில் ரப்பர் முத்திரை கிடையாது, அங்கே முத்திரை இல்லாமல் சாமியார் தொட மாட்டார் என்று சவரியிடம் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். முத்திரை கிடையாது என்பது உண்மை. மருந்துக்கடைக்காரரே இங்கே சத்தியப் பத்திரத்துக்குச் சாட்சி போடலாம், அவரிடம் முத்திரை உண்டு, அது செல்லும் என்பதும் உண்மை. இரண்டாவது உண்மையை நான் சொல்லவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வண்டிக்குள் உட்கார்ந்து, அருளின் முகநூல் பக்கத்தைக் கீழே கீழே இறக்கிக்கொண்டே போனேன். விசாரிக்கிறேன் என்று பெயர். மீன் பிடிக்கும் படம், கிரிக்கெட் படம், குருத்தோலை ஞாயிறு. பிறகு அது வந்தது. கோட்டு சூட்டில் அருள். பக்கத்தில் வெள்ளைக் கவுன் போட்ட ஒரு பெண், கையில் பூச்செண்டு. அருளின் தோளில் தூங்கும் ஒரு கைக்குழந்தை. பின்னால் கல்யாணங்களைப் பதிவு செய்யும் அலுவலகத்தின் படிக்கட்டு. கீழே ஒரு சிவப்பு இதயம் மட்டும்.

அந்த நிமிடத்தில் எனக்கு என்ன நடந்தது என்பதை ஒளிக்காமல் எழுத வேண்டும். அதிர்ச்சி வரவில்லை. மெர்சியை நினைக்கவும் இல்லை. வெயிலில் நடந்துவந்து மோர் குடித்தது போல உள்ளே ஒன்று குளிர்ந்தது. சவரி வீட்டிலும் இப்படியா என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

ஒரு பொய்ப் படத்தைப் பிடிக்க எனக்குப் பத்து வழி தெரியும். எப்போது எடுத்தது, எங்கே எடுத்தது, யார் எடுத்தது, முன்னால் பின்னால் என்ன இருக்கிறது. பத்தையும் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நான் நம்ப விரும்பாத பொய்களுக்குத்தான் அந்தப் பத்தும் என்று அன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. பிடித்துப்போன பொய்யிடம் நான் அடையாள அட்டை கேட்கவில்லை.

5

நேராகச் சாமியாரிடம் சொல்லியிருக்கலாம். ஓலை அதைத்தான் கேட்கிறது. சவரியிடம் சொல்லியிருக்கலாம். அருளிடமே கேட்டிருக்கலாம். அதெல்லாம் பெயர் போட்டுச் சொல்லும் வழிகள். நான் தேர்ந்தெடுத்தது எங்களைப் போன்றவர்களுக்கு மட்டுமே கைவந்த ஒரு வழி. செபிக்கச் சொன்னேன்.

எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு அன்பியம் உண்டு. முப்பது குடும்பம் சேர்ந்து செபிக்கும் குழு. எங்கள் தெரு அன்பியத்துக்குத் தலைவி லூர்தம்மாள் அக்கா. அவருக்கு அந்தப் படத்தை அனுப்பி, “பெருசா ஒண்ணுமில்லக்கா, மெர்சி கல்யாண விசயமா மனசுக்குச் சரியாப் படல, செபத்துல வச்சுக்கங்க” என்று குரல் பதிவு போட்டேன். யாரிடமும் காட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல மறந்தேன் என்று சில நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே ஊர்க் குழுவில் மன்றாட்டு வந்துவிட்டது. சவரிமுத்து அண்ணன் மகள் திருமணக் காரியத்தில் மறைந்திருக்கும் உண்மைகள் வெளிவர இறைவனை மன்றாடுவோம். கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். வதந்தி என்றால் யாராவது ஒருவர் ஆதாரம் கேட்பார். மன்றாட்டிடம் யார் ஆதாரம் கேட்பது? கேட்டால் செபத்துக்கே எதிரி ஆகிவிடுவோம். என் பொய் முட்டி போட்டு, கை கூப்பி, கண்ணை மூடிக்கொண்டு ஊருக்குள் போனது. படமும் பின்னாலேயே தனித்தனியாகப் போயிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை. ஒரு வாரம் நிறுத்தி வைக்கிறோம், விசாரிக்க வேண்டியிருக்கிறது என்று சாமியார் சொன்னாராம். எங்களில் சாம்பல் புதனுக்குப் பிறகு ஈஸ்டர் வரைக்கும் கல்யாணம் கிடையாது. அருளுக்கு விடுமுறை பத்தே நாள், அதுவும் சாம்பல் புதனோடு முடிகிறது. அடுத்த ஞாயிறு ஓலை வாசிக்காவிட்டால் இந்த வருடம் கல்யாணம் இல்லை. ஓலை நின்ற பெண் என்ற பேச்சு அந்த ஒரு வருடமும் மெர்சிக்கு முன்னால் நடக்கும்.

சவரி கூப்பிட்டான். இந்த முறை வீடியோ இல்லை.

“யாரோ கெளப்பி விட்ருக்காகடா. கோயில்ல ஒருத்தரும் எம் மொகத்தப் பாக்கல. மெர்சி கண்ணத் தொடச்சிக்கிட்டே பள்ளிக்கூடம் போகுது. நீ அங்கன இருக்கீல்ல, நேருல போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. நீ இல்லைன்னு சொன்னா இல்லை. ஆமான்னு சொன்னாலும் நான் தாங்கிக்கிருவேன். ஆனா நீ சொல்லு.”

சரி என்றேன். நாற்பது வருடமாக நான் கேட்டு ஏங்கியது அதைத்தான். நீ சொன்னால் நம்புவேன் என்று ஒருவர் சொல்ல வேண்டும் என்று. கிடைத்த நேரத்தைப் பாருங்கள்.

6

அந்தச் சனிக்கிழமை ஸ்டெல்லா வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் தமிழ் ஆறு வயதில் விமானம் ஏறியது. அதற்குப் பிறகு வளரவில்லை. பெரிய விஷயங்களையும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் வாக்கியத்தில்தான் சொல்வாள். சுற்றி வளைக்க அவளுக்கு வார்த்தை இல்லை.

ஓலை என்றால் இலைதானே, அதைச் சர்ச்சில் ஏன் படிக்கிறார்கள் என்று கேட்டாள். விளக்கினேன். படத்தைக் காட்டினேன். நடந்ததையும் சொன்னேன், லூர்தம்மாள் அக்காவுக்கு அனுப்பியது உட்பட. அவளிடம் சொல்வதில் எனக்குப் பயமில்லை, அவள் ஊர்க்காரி இல்லை என்ற எண்ணமாக இருக்கலாம்.

கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள். “நீங்க அந்த அண்ணாகிட்ட கேட்டீங்களா?”

இல்லை என்றேன்.

“ஏன்?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இந்தக் காலத்தில் எல்லாமே பொய், எதையும் நம்பக் கூடாது, அதனால்தான் எச்சரிக்கையாக என்று ஆரம்பித்தேன். அவள் கார்ச் சாவியை எடுத்து மேசையில் வைத்தாள்.

7

அருள் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து இருக்கும் வீடு அது. முன்னால் புல் காய்ந்து கிடந்தது. எங்களைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்து, சோபாவில் கிடந்த துணிகளை அள்ளினான். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மெர்சிக்கான விசா தாள்களின் பட்டியலைக் காந்தத்தால் ஒட்டி வைத்திருந்தான். பாதிக்கு மேல் அடித்திருந்தது.

அவன் முகநூல் பக்கத்தில் அந்தப் படத்தை எடுத்து நீட்டினேன். கோபப்படுவான் என்று நினைத்தேன். என் கையிலிருந்த போனிலேயே விரலை வைத்து, ஒரே ஒரு தடவை இடப்பக்கம் தள்ளினான்.

அடுத்த படம். அதே படிக்கட்டு, அதே பெண், அதே குழந்தை. அருளின் இடத்தில் கோட்டு போட்ட வேறொருவன் அவள் இடுப்பில் கை போட்டுச் சிரிக்கிறான். கூட வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரன். சொந்தபந்தம் ஒருவரும் இந்த நாட்டில் இல்லாததால் அருளைச் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டிருக்கிறான். முந்தின படத்தை எடுத்தது அந்த மாப்பிள்ளை. இதை எடுத்தது அருள்.

ஒரு விரல் தள்ளும் தூரம். நான் அந்தத் தூரம் போகவில்லை. எனக்கு வேண்டியது முதல் படத்திலேயே கிடைத்துவிட்டது.

“மெர்சி அன்னிக்கே கேட்டுட்டா மாமா” என்றான் அருள். “படம் அவ கைக்கு வந்த அன்னிக்கே கூப்ட்டு, யாரு அந்தப் பொண்ணுன்னா. சொன்னேன். அவுக நம்பரக் குடுங்கன்னா. குடுத்தேன். அவுககிட்டயே இங்கிலீசுல பேசி, புள்ளைக்கு என்ன பேருன்னெல்லாம் கேட்டு வச்சிருக்கா. அவளுக்குச் சந்தேகமில்ல. ஊருதேன், நேருல பாத்தவுக சொன்னாத்தேன் நம்புமாம்.”

தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “யாரு கெளப்பி விட்டதுன்னு ஒங்களுக்கு எதும் தெரியுமா மாமா?” என்று கேட்டான்.

தெரியவில்லை என்றேன். பக்கத்தில் ஸ்டெல்லா கோப்பையைக் கீழே வைத்தாள்.

திரும்பும் வழியிலும் அவள்தான் வண்டியை ஓட்டினாள். வெளியே புல்வெளி முழுக்க வெயிலில் வெளுத்துக் கிடந்தது. பிறகு சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்: “நான் லியம்கூட இருக்கேன்னு ஊர்ல தெரிஞ்சா உங்களுக்கு வெக்கம். அதான் ஹாஸ்டல்னு சொன்னீங்க. இப்ப அந்த அண்ணாகிட்ட தெரியாதுன்னு சொன்னீங்க. இதுக்கு வெக்கம் இல்லையா அப்பா?”

அவள் தமிழ் வளராதது நல்லது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். வளர்ந்திருந்தால் இதை இவ்வளவு நேராகச் சொல்லியிருக்க மாட்டாள்.

8

சவரியைக் கூப்பிட்டு, நேரில் போனேன், பார்த்தேன், பையன் மேல் ஒரு குறையும் இல்லை என்றேன். படம் என்ன என்பதை விளக்கினேன். கடிதத்தை மருந்துக்கடைக்காரர் முன்னால் கையெழுத்துப் போட்டு, அவர் முத்திரையோடு படம் பிடித்து அனுப்பினேன். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

ஞாயிறு பூசை நேரம் இங்கே மதியம். சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஊர்க் கோயில் நேரலையைப் பார்த்தேன். சாமியார் மூன்றாம் ஓலையை வாசித்தார். ஒரு மூச்சு நிறுத்தினார். பிறகு, இது பற்றி வந்த செய்தி தவறானது, ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம் பங்கைச் சேர்ந்த சேசுராஜ் நேரில் விசாரித்து உறுதி சொல்லியிருக்கிறார், அவருக்கு நன்றி என்றார். முன்வரிசையில் சவரி தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டது தெரிந்தது.

ஊரே என்னை நம்பியது. குழுவில் என் பெயருக்குக் கீழே கூப்பிய கைகள், ரோஜாப் பூக்கள். அணைத் தண்ணீருக்காகச் சவரிக்குக் கிடைத்ததை விடவும் அதிகம். தட்டில் சோறு காய்ந்துவிட்டது. தீ வைத்தவனே முதல் வாளித் தண்ணீரை ஊற்றி மாலை வாங்கிக்கொண்டது போலிருந்தது. உண்மையைச் சொல்லியும் ஒருவன் பொய்யனாக இருக்க முடியும் என்பதை இந்த வயதில் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஞான உபதேச வகுப்பில் பத்துக் கட்டளைகளை வரிசையாக ஒப்பிப்போம். எட்டாவது, பொய் சாட்சியைப் பற்றியது. பத்தாவது, பிறருக்கு உள்ளதை இச்சிப்பது பற்றியது. எட்டைத் தாண்டித்தான் பத்துக்குப் போக முடியும் என்று நினைத்திருந்தேன். நான் பத்திலிருந்து எட்டுக்கு வந்தேன். இந்தக் காலத்தில் பொய்யை எப்படி அடையாளம் காண்பது என்று என்னைக் கேட்பவர்களுக்கு இனி நான் படத்தைத் தேடிப் பார்க்க மட்டும் சொல்ல மாட்டேன். இது உண்மையாக இருந்தால் உனக்குள் யார் சந்தோஷப்படுகிறார்கள் என்று முதலில் பார் என்பேன்.

வியாழக்கிழமை இங்கே கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். வயதான சாமியார். என் ஆங்கிலத்தில் தவறும் வார்த்தைகளை எடுத்துக் கொடுத்து உதவினார். எல்லாம் கேட்டுவிட்டு, அந்த நண்பரிடம் சொல்லிவிட்டாயா என்றார். கடவுள் மன்னிப்பதற்கு நான் ஆள், அந்தக் குடும்பத்தின் பெயரைத் திருப்பிக் கொடுப்பதற்கு நான் ஆளில்லை, நீதான் என்றார்.

வெளியே வந்து, வண்டியில் ஏறாமல், கோயில் மதிலோரம் நின்றே சவரியைக் கூப்பிட்டேன். தோட்டத்தில் இருந்தான். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம்.

“சவரி, அந்தப் பேச்சக் கெளப்புனது நான்தான்டா.”

மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. லூர்தம்மாள் அக்காவுக்கு அனுப்பியதைச் சொன்னேன். அருளிடம் தெரியாது என்றதைச் சொன்னேன். ஸ்டெல்லா விடுதியில் இல்லை என்பதையும் சொன்னேன். அதை அவன் கேட்கவில்லை, ஆனால் அது இல்லாமல் மற்றது நிற்காது. அவன் நடந்து போய் மோட்டாரை அணைத்தான் போல. திடீரென்று சத்தமே இல்லை.

“சாமிகிட்டச் சொல்லிட்டயா?”

“சொல்லிட்டேன்.”

“இப்ப எங்கிட்டயும் சொல்லிட்ட.”

“ஆமாடா.”

“நாங்க ரெண்டு பேருமா அதப் பரப்புனோம்? எங்கன போட்டயோ அங்கன சொல்லு. கல்யாணத்துக்கு டிக்கெட் போட்டிருக்கேன்னயே, சொல்லிட்டு வா. சொல்லாம வராத.”

வைத்துவிட்டான். டா என்றும் சொல்லவில்லை, சேசு என்றும் சொல்லவில்லை.

9

குழுவுக்கான குரல் பதிவை ஏழு தடவை எடுத்தேன். முதலாவது நான்கு நிமிடம். நல்ல எண்ணத்தில், அக்கறையில், இன்றைய காலகட்டத்தில் என்று அதற்குள் ஒரு பிரசங்கமே இருந்தது. ஸ்டெல்லாவுக்குப் போட்டுக் காட்டினேன். விடுதிப் பொய்யை ஊருக்குச் சொல்லட்டுமா என்று அவளிடம் முன்பே கேட்டிருந்தேன். அது என் பொய் இல்லையே அப்பா, உங்களுடையது, சொல்லுங்கள் என்றாள். பதிவைக் கேட்டுவிட்டு, ஒவ்வொரு தடவையும், “இன்னும் இருக்கு” என்றாள். ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு கழிந்தது. ஏழாவது, அரை நிமிடத்துக்கும் குறைவு. படத்தை எடுத்து அனுப்பியது சேசுராஜ் ஆகிய நான். விசாரிக்கவில்லை. அருள் குற்றமற்றவன். சவரிமுத்து குடும்பத்தை நான் பொய்யால் அவமானப்படுத்தினேன். என் மகள் விடுதியில் இருப்பதாகச் சொன்னதும் பொய். மன்னியுங்கள்.

அனுப்பினேன். ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருப்பது திரையில் தெரிந்தது. ஒரு கூப்பிய கைகூட இல்லை. ஒருவர் குழுவை விட்டு வெளியேறினார். வெகு நேரம் கழித்து லூர்தம்மாள் அக்கா, நானும் அவசரப்பட்டுட்டேன், சவரித் தம்பி வீட்டுக்குப் போய்ட்டு வாரேன் என்று எழுதினார். சவரியிடமிருந்து ஒன்றுமில்லை.

பிறகு தனியாக ஒரு செய்தி வந்தது. மெர்சி. சின்னப் பிள்ளையில் என் தோளில் ஏறி வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினம் பார்த்தவள். திட்டவில்லை. இரண்டே வார்த்தை.

“ஏன் மாமா?”

உன் நல்லதுக்காகத்தான்மா என்று தட்டினேன். அழித்தேன். வெளிநாட்டு மாப்பிள்ளைகளிடம் எத்தனையோ பேர் ஏமாறுகிறார்கள் என்று தட்டினேன். அது நடக்கும் விஷயந்தான். அதையும் அழித்தேன். படத்தைப் பார்த்துப் பதறிவிட்டேன் என்று எழுதினேன். பதறவில்லை. அழித்தேன். நான் எழுதி எழுதி அழிப்பது அவளுக்கும் அந்தப் பக்கம் தெரிந்துகொண்டிருக்கும். அவள் திரையை விட்டுப் போகவில்லை. காத்திருந்தாள்.

கடைசியில், “ஒங்கப்பா மேல பொறாமைம்மா. ரொம்ப வருசமா” என்று எழுதினேன். எதையும் சரிபார்க்காமல் அனுப்பினேன். இந்த ஒன்றுக்கு வேறு யாரிடமும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.